முதல் நாள் எழுதாத எண்ணைப் பிறகு எழுத முடியாது

"பிணம் ரெண்டு நாள் கிடந்தா நோய் பரவிடாதா சார்?"

எந்த ஊரில் வகுப்பு நடந்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் வி.ஏ.ஓ. யாராவது கேட்பார். சில நேரம் சுகாதார ஆய்வாளரே கேட்பார். பரவாது என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அந்த நம்பிக்கையின்மையை உடைக்கவே காலை நேரம் பாதி போய்விடும்.

வருவாய்த்துறையில் ஓய்வு பெற்ற பிறகு, பேரிடர் மேலாண்மைப் பயிற்சிகளுக்கு வகுப்பெடுக்கப் போய்வருகிறேன். வெள்ளம் வந்தால் முகாம் எங்கே போடுவது, சோற்றுக்கு என்ன ஏற்பாடு, படகு யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வந்து சேர்ந்தது யாரும் கேட்டு வாங்காத பாடம். ஒரே நாளில் ஐம்பது, நூறு, ஆயிரம் பேர் செத்துப்போனால் அந்த உடல்களை என்ன செய்வது?

இதை ஏன் வி.ஏ.ஓ.வுக்கும் ஊராட்சிச் செயலருக்கும் நகராட்சித் தூய்மைப் பணியாளருக்கும் சொல்லித்தர வேண்டும், தடயவியல் நிபுணர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் வருவார்கள். ஆனால் அவர்கள் வந்து சேரும்போது முதல் நூறு உடல்களை யாராவது தூக்கி எங்காவது வைத்திருப்பார்கள். தூக்கியவர் ஒரு மீனவராக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், கிராம உதவியாளராக இருப்பார். எங்கே கிடந்தது, பக்கத்தில் யார் கிடந்தார்கள் என்பது அந்தத் தூக்கியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லாமல் போனால் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

2004 டிசம்பர் 26 அன்று நான் நாகை மாவட்டத்தில் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். தமிழ்நாட்டில் சுனாமி ஏறக்குறைய 8,000 பேரைக் கொண்டுபோனது. அதில் 6,000 பேருக்கு மேல் எங்கள் மாவட்டத்தில் மட்டும். பவானிசாகர் பயிற்சியில் கோப்பு எழுதக் கற்றுக்கொண்டோம், பதிவேடு பராமரிக்கக் கற்றுக்கொண்டோம். இதைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை. படிக்க அன்று பாடமே கிடையாது. பேரிடர் மேலாண்மைச் சட்டமே அடுத்த ஆண்டு, 2005-இல்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து களப்பணியாளருக்கான கையேட்டைக் கொண்டுவந்தது 2006-இல். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இறந்தோரைக் கையாள்வதற்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது 2010-இல்.

அந்தச் சில நாட்களில் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஆள் கணக்கு இருந்தது. இது இன்னார் மகள், இது இன்னார் மாமியார் என்று சொல்ல ஊரில் யாராவது மிச்சமிருந்தார்கள். வேளாங்கண்ணியில் அப்படி இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வேறு. கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் நம் உள் மாவட்டங்களிலிருந்தும் வந்த கூட்டம். குடும்பத்தோடு வந்தவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அடையாளம் சொல்ல வேண்டியவர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வேண்டுதலுக்காக மொட்டை போட்டவர்களை, போட்டோவைக் காட்டினாலும் சொந்த அண்ணனுக்கே சட்டென்று தெரியாது.

அதனால் வகுப்பில் நான் முதலில் கேட்பது, "உங்கள் ஊரில் வெளியாள் கூடும் நாள் எது?" என்பதுதான். தேர்த் திருவிழா, ஆடி அமாவாசை, சந்தை, சுற்றுலா சீசன். பேரிடர் அந்த நாளில் வந்தால் உங்கள் குடும்ப அட்டைப் பட்டியலும் வாக்காளர் பட்டியலும் பாதிக்குத்தான் பயன்படும்.

சரி, நோய்க்கு வருவோம். வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ரயில் விபத்திலும் இறந்தவர்கள் நோயால் இறக்கவில்லை. மூழ்கியோ அடிபட்டோ நசுங்கியோ இறந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களிடம் தொற்றுநோய் இல்லையென்றால் இறந்த பிறகு மட்டும் எங்கிருந்து வரும்? காலரா, எபோலா மாதிரி நோயால் இறந்தவர்கள் கதை வேறு. மற்றபடி, தொட்டுத் தூக்குகிறவருக்கு மட்டும் ரத்தம், மலம் வழியாகத் தொற்ற ஓரளவு வாய்ப்பு உண்டு. அதற்குக் கையுறை, பூட்ஸ், சோப்புப் போட்டுக் கை கழுவுதல் போதும். நாற்றம் குடலைப் புரட்டும், ஆனால் நாற்றத்தால் காய்ச்சல் வராது. உடல்கள் மேல் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கொட்டுவதால் ஒரு பயனும் கிடையாது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் பிளீச்சிங் பவுடர்தான். அமைச்சர் வருகிறார் என்றால் இன்னும் ரெண்டு மூட்டை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், 'நோய் பரவும்' என்ற பயம்தான் அவசரப் புதைப்புக்கு வழி. சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று மேலிருந்து சொல்வார்கள், ஜே.சி.பி. வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு வி.ஏ.ஓ. "போட்டோ எடுத்து எண் கட்டின பிறகு புதைக்கலாம் சார், நோய் வராது" என்று தாசில்தாரிடம் சொல்லத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்புக்குத்தான் காலை வகுப்பு முழுவதும்.

இனி எண். என் பாடத்தில் பாதிக்கு மேல் இதுதான்.

ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண். அந்த எண்ணில் இடம், குழு, வரிசை மூன்றும் இருக்க வேண்டும். 'வேளா-3-014' என்றால் வேளாங்கண்ணியில் மூன்றாம் குழு எடுத்த பதினான்காவது உடல். வெறும் 14 என்று எழுதினால் மூன்று குழுக்களிடமும் ஒரு பதினான்கு இருக்கும். கிடைத்தது ஒரு கை மட்டும் என்றாலும் அதற்கும் தனி எண். பக்கத்தில் கிடந்த உடலுடையதாகத்தான் இருக்கும் என்று நாமாகச் சேர்த்துவிடக் கூடாது. ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது, வேறு உடலுக்குக் கொடுக்கவும் கூடாது. ஆஸ்பத்திரியில் அவர்கள் பங்குக்கு ஓர் எண் போடுவார்கள். போடட்டும், நம் எண்ணையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எண் எழுதிய அட்டை ஒன்றை மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்ட வேண்டும், இன்னொன்றைப் பையிலோ போர்த்திய துணியிலோ. எதில் எழுதுவது? இதற்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் கோப்பில் கட்டும் அட்டையை ஆளுக்கொன்று கொடுத்து, அவரவர் பையில் இருக்கும் பேனாவால் எண் எழுதச் சொல்வேன். எல்லாவற்றையும் உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் ஜெல் பேனாவில் எழுதியது நீலக் கறையாகக் கிடக்கும். பால்பாயின்ட் எழுத்து நிற்கும், ஆனால் அட்டை ஊறி, கயிறு கோத்த துளை பிய்ந்திருக்கும். உடலை இரண்டு தரம் தூக்கி இறக்கினால் அட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஒரு வகுப்பில் ஊராட்சிச் செயலர் ஒருவர்தான் சொன்னார்: "ஃப்ளெக்ஸ் பேனரைக் கிழிச்சுக்கலாமே சார், பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு." நம் ஊரில் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்! அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் அதுதான். பழைய பேனரைப் பட்டையாக வெட்டி, பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி, கேபிள் டையால் கட்டுவது. இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தாலும் அசையாது.

போட்டோவையும் முதல் நாளே எடுத்தாக வேண்டும். நம் வெயிலில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும். நாளைக்கு நல்ல கேமரா வரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, கையில் இருக்கும் செல்போன் போதும். முகத்தில் சேறு இருந்தால் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். முழு உடல் ஒன்று, முகம் நேராக ஒன்று, உடுப்பு, நகை, தழும்பு, பச்சை குத்தியது. ஒவ்வொரு படத்திலும் எண் தெரிய வேண்டும். எண் தெரியாத படம் வெறும் பிணத்தின் படம், யாருக்கும் உதவாது. குழுவுக்கு ஒரே போன். அந்தப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது, 'தகவலுக்காக' என்றுகூட. மகள் இறந்த செய்தி ஒரு தாய்க்கு ஃபார்வர்டு மெசேஜில் வந்து சேர நாம் காரணமாக இருக்க வேண்டாம்.

நகை விஷயத்தில் அலுவலர்கள் கூடுதலாகப் பயப்படுவார்கள். தாலியும் தோடும் காணாமல் போனால் பழி யார் மேல் வரும் என்று தெரியும். அதனால் கழற்றித் தனியாக ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்தத் துடிப்பார்கள். வேண்டாம். கழற்றிவிட்டால் அது யாருடைய தாலி என்பதற்குச் சாட்சி போய்விடும். உடலிலேயே இருக்கட்டும். அப்படியே போட்டோ எடுத்து, சாட்சிக் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். 'மஞ்சள் நிற உலோகம்' என்று எழுதுங்கள், தங்கம் என்று எழுதாதீர்கள். இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஏட்டையா.

மதியம் செய்முறை. தாலுகா அலுவலகத்துக்குப் பின்னால் காலியிடம் இருந்தால் போதும். சாக்கில் வைக்கோல் அடைத்துப் பழைய துணி மாட்டிய பொம்மைகளைக் காலையிலேயே புதருக்குள்ளும் வாய்க்காலிலும் போட்டுவைப்போம். விசில் அடித்ததும் ஓடுவார்கள். எல்லோரும் தூக்கத்தான் ஓடுவார்கள், யாரும் எழுத ஓட மாட்டார்கள். கால் மணி நேரத்தில் எல்லாப் பொம்மையும் வரிசையாக வந்துவிடும், முகத்தில் பெருமை வேறு. அப்போது கேட்பேன்: "இந்தப் பச்சைச் சேலை எங்கே கிடந்தது?" ஒருத்தருக்கும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை, ஒருவர் எழுத, ஒருவர் படமெடுக்க, இருவர் தூக்க என்று அவர்களாகவே பிரித்துக்கொள்வார்கள். நான் சொல்லவே வேண்டியதில்லை.

அப்புறம் உரிமை கோரும் காட்சி. இரண்டு பேர் உறவினராக நடிப்பார்கள், ஒரே உடலை இருவரும் கேட்பார்கள். ஒருமுறை ஓர் இளம் வி.ஏ.ஓ. பெண் உண்மையாகவே கண் கலங்கி, "எங்க அம்மாதான் சார், இந்தச் சேலையை நான் நூறு பேர்ல கண்டுபிடிப்பேன்" என்று வாதாடினார். உடலைக் கொடுக்க எல்லோரும் தயாராகிவிட்டார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "மேடம், அது பொங்கலுக்கு நாம ரேஷன் கடையில கொடுத்த இலவசச் சேலை. ஊருக்கே அதான்." உடுப்பை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது. அதே உடுப்பில் வேறு தடயம் இருக்கும். தைத்த சட்டையின் காலருக்குள் டெய்லர் கடை லேபிள் இருக்கும், ஊர்ப் பெயரோடு. பள்ளி பெல்ட், தாயத்து, அரைஞாண் கயிறு, மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது, இவையெல்லாம் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தரும். உறுதி செய்ய கைரேகையோ பல்லோ டி.என்.ஏ.வோ வேண்டும்.

ஆள் மாறிப் போவது நடக்கவே நடக்காத விஷயமில்லை. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் பக்கத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்து நின்றன. டி.என்.ஏ. முடிவுக்காகக் குடும்பங்கள் புவனேஸ்வரில் வாரக்கணக்கில் காத்திருந்தன. யாரும் கேட்டு வராத 28 உடல்களை அக்டோபரில்தான் தகனம் செய்தார்கள். அதே விபத்தில் இன்னொன்று. மகனைத் தேடி வந்த ஒரு தகப்பன், உடல்களை வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் தன் மகன் உயிரோடு கிடப்பதைக் கண்டார். கை அசைந்திருக்கிறது. எனவே எண் கட்டுவதற்கு முன்னால் ஒரு மருத்துவரோ நர்ஸோ பார்த்திருக்க வேண்டும் என்பதை நான் கேலிக்காகச் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை இப்போது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் பிள்ளைகள் வர மறுத்தார்கள், கட்டடத்தையே இடித்தார்கள். உடல்களை எங்கே வைப்பீர்கள் என்று நம் ஆட்களைக் கேட்டால் முதலில் சொல்வது பள்ளிக்கூடம், அடுத்தது கல்யாண மண்டபம். இரண்டும் வேண்டாம். குடோன், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், மூடிக் கிடக்கும் ஆலை என்று இப்போதே பார்த்து எழுதி வையுங்கள்.

அடுத்த பதில் ஐஸ். கடலோரத்தில் ஐஸ் பிளான்ட் இருக்கிறது, பார் பாராக ஐஸ் கிடைக்கும் என்பார்கள். ஐஸ் உருகும். உருகிய நீர் உடல்களுக்கு அடியில் தேங்கி, நிலைமையை இன்னும் மோசமாக்கும். அதே துறைமுகத்தில் மீன் ஏற்றுமதிக்கு நிற்கும் குளிர்சாதன கன்டெய்னரைக் கேளுங்கள். 4 டிகிரியில் வைத்தால் ஒன்றில் ஐம்பது உடல் வரை வைக்கலாம். உலர் பனிக்கட்டி கிடைத்தால் உடல் ஒன்றுக்கு நாளைக்குப் பத்து கிலோ கணக்கு. மேலே போடக் கூடாது, சுற்றிலும் சின்னச் சுவர் மாதிரி அடுக்கி மேலே தார்ப்பாய் போட வேண்டும். மூடிய அறையில் வைத்தால் மூச்சு முட்டும், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். அமரர் ஊர்தி வைத்திருப்பவரிடம் ஃப்ரீசர் பாக்ஸ் இருக்கும். ஒரு பெட்டிக்கு ஓர் உடல்தான் என்பதால் பெரிய எண்ணிக்கைக்குத் தாங்காது, ஆனால் அவர்கள் போன் நம்பர்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

எதுவுமே கிடைக்கவில்லையா, தற்காலிகமாகப் புதையுங்கள். மண்ணுக்குள் குளிர்ச்சி அதிகம், உடல் ஓரளவு தாங்கும். ஒன்றரை மீட்டர் ஆழம், குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி, உடல்களுக்கிடையே நாற்பது சென்டிமீட்டர் விட்டு ஒரே அடுக்காக. ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம். எந்த எண் எங்கே என்று வரைபடம் போடுங்கள், எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் படித்த நமக்கு அது ஒரு வேலையே இல்லை. அடையாளம் தெரியாத உடலை எரிக்கவே கூடாது. எரித்தால் திரும்பிப் போக வழியில்லை. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு வயநாடு புத்துமலையில் செய்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இறந்தவர்களைச் சாலியாறு நிலம்பூர் வரை இழுத்துப் போயிருந்தது, பலரும் முழு உடலாகக்கூட இல்லை. அடையாளம் தெரியாதவற்றுக்கு டி.என்.ஏ. மாதிரி எடுத்து, தனித்தனிக் குழியில், எண்ணோடு, எல்லா மதத்துப் பிரார்த்தனையும் சொல்லி அடக்கம் செய்தார்கள். முடிவு வந்த பிறகு எண் இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள்.

குடும்பத்தாரைக் கையாள்வது தனி வேலை, அதற்குத் தனி ஆள் வேண்டும். உடல்கள் இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தகவல் மையம் வைக்க வேண்டும். துணியை விலக்கி விலக்கி ஐம்பது முகங்களைப் பார்க்க வைப்பது கொடுமை. முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு படத்தில் பொருந்துபவற்றை மட்டும் காட்டுங்கள். அவர்கள் ஊர் திரும்பும் முன் டி.என்.ஏ. மாதிரி எடுத்துவிட வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் சரி. கணவன் மனைவிக்கு ஒருவரின் ரத்தம் இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதை வகுப்பில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

காணாமல் போனோர் பட்டியலை இறந்தோர் பட்டியல் அளவுக்கு யாரும் மதிப்பதில்லை. பேரிடர் நிவாரண நிதியில் இறப்புக்கு 4 லட்சம் தர வேண்டுமானால் சான்று வேண்டும். உடல் இல்லையென்றால் சட்டப்படி ஏழாண்டு காத்திருக்க வேண்டும். 2017 ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்த ஏழாண்டைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். ஆனால் விதி தளர்ந்தாலும், இன்ன தேதி, இன்ன படகு, கூடப் போனவர் இன்னார் என்று அன்றே எழுதி வைத்த தாள் இருந்தால்தான் நம்மால் பரிந்துரை எழுத முடியும்.

பயிற்சியில் எனக்குப் பிடிவாதம் ஒன்று உண்டு. தூய்மைப் பணியாளர்களும் நாற்காலியில், முன்வரிசையில் உட்கார வேண்டும். சுனாமியில் வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து வந்து உடல்களை எடுத்தவர்கள் அவர்கள்தான். பலருக்குக் கையுறைகூட இல்லை. ஒரு வகுப்பில் கூச்சப்பட்டுச் சுவரோரம் நின்ற அம்மாவைப் பேசச் சொன்னேன். "ஐயா, கையில தூக்கினது போச்சு. சின்னப் புள்ளைங்க உடம்புதான் இன்னும் கனவுல வருது. அப்போ சாராயம் வாங்கித் தந்தாங்க, வேற ஒண்ணும் கேக்கல" என்றார். அதிகாரிகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த வகுப்பின் அறிக்கையில் நான் எழுதியவை: எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உடல் எடுக்க வைக்கக் கூடாது, குழந்தைகளின் உடலை எடுத்தவரை மறுநாள் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், டெட்டனஸ் ஊசி முதல் நாளே, ஒரு மாதம் கழித்து ஒருவர் போய் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க வேண்டும்.

பெரிய தலைவலி இடமாறுதல். நன்றாகப் பயிற்சி எடுத்த தாசில்தார் அடுத்த ஆண்டு வேறு மாவட்டத்தில் நில எடுப்பில் இருப்பார். அதனால் இப்போதெல்லாம் வகுப்பு முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியைத் தாலுகா அலுவலகத்தில் விட்டுவரச் சொல்கிறேன். வெட்டி வைத்த ஃப்ளெக்ஸ் பட்டைகள், கேபிள் டை, மார்க்கர், கையுறை, இரண்டு பதிவேடு, அச்சடித்த படிவங்கள், கன்டெய்னர்காரர், ஐஸ் பிளான்ட், ஃப்ரீசர் பாக்ஸ் ஆட்களின் போன் நம்பர்கள். மார்க்கர் காய்ந்துவிடும், ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி (கிராமக் கணக்குத் தணிக்கை) சமயத்தில் திறந்து மாற்ற வேண்டும். பெட்டியைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சாவி பதிவறை எழுத்தரிடம் மட்டும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது, இரவுக் காவலரிடமும் ஒன்று இருக்கட்டும்.